மடக்குக் கத்தி மக்கர் செய்தால்: எதை முதலில் பார்ப்பது, ஆணியில் எப்போது கை வைப்பது

பல்கருவி மடக்குக் கத்திகளைப் பிரித்து, வேண்டாத அடுக்கை எடுத்துவிட்டு வேண்டியதைச் செருகி, மரத்தில் ஓடு செதுக்கி மாட்டுவது என் பொழுதுபோக்கு. புதிதாக ஒன்றைக் கட்டி முடித்த நேரத்தைவிட, கோளாறான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஏன் இப்படிப் பண்ணுகிறது" என்று உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். ஆனால் வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அதனால் அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் கத்தி செய்கிற சேட்டை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, நேராக அங்கே போய்விடலாம்.

முதலில் பெயர்களை ஒத்துக்கொள்வோம். வெளியே இருபக்கமும் இருக்கும் ஓடு ஸ்கேல். அடுக்குகளைப் பிரிக்கும் மெல்லிய தகடு லைனர். முதுகில் வரிசையாகத் தெரிவது ஸ்பிரிங். எல்லாவற்றையும் கோத்துப் பிடித்திருப்பவை பித்தளை ஆணிகள்: இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. பிளேடில் ஆணி நுழையும் பாகத்தை "அடி" என்றும், வெட்டும் விளிம்பை "வாய்" என்றும் சொல்கிறேன். நான் அதிகம் கை வைப்பது விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. கத்திகளில். கீழே பெரும்பாலும் அவற்றை மனதில் வைத்துத்தான் பேச்சு. இடுக்கி வகைகளுக்குத் தனித் தலைப்பு உண்டு.

ஆணியைத் துளைத்துவிட்டால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடும். கத்தி புதிது, கோளாறு தயாரிப்பிலேயே இருக்கிறது என்று தோன்றினால், எதையும் தொடாமல் அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். விக்டோரினாக்ஸ் பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்கு ஆயுள் உத்தரவாதம் தருகிறது. இடுக்கி வகைகள் செய்யும் லெதர்மேன் 25 ஆண்டு. அதை ஒரு துளையில் தொலைக்க வேண்டாம்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இது

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு இரண்டு சொட்டு. கத்தியை உள்ளே முக்கி, ஒவ்வொரு கருவியையும் தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். பழைய பல்துலக்கியால் அடுக்குகளுக்கு நடுவே தேயுங்கள். தண்ணீர் கறுத்துப்போகும். மாற்றிவிட்டு இன்னொரு தடவை. அப்புறம் நன்றாக உதறி, ஒரு இரவு காய விட்டு, ஒவ்வொரு ஆணி மூட்டிலும் ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில். அதற்கு மேல் வேண்டாம். விளக்கு, மின்னணுப் பாகம் உள்ள மாடல்களை மட்டும் முக்காதீர்கள்.

சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள். சில மாதத்தில் அது பிசினாகிவிடும். துரு விடுவிக்கும் ஸ்பிரே கழுவுவதற்கு நல்லது, ஆனால் நின்று வேலை செய்யாது. அடித்தால் துடைத்துவிட்டு மேலே எண்ணெய் போடுங்கள்.

என்னிடம் வந்த "பிரிக்க வேண்டிய" கத்திகளில் பாதிக்கு மேல் இந்தக் குளியலோடு சரியாகிவிட்டன. இதைச் செய்யாமல் கீழே எதையும் படிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

## திறக்கக் கனக்கிறது

### ஒரே ஒரு கருவி மட்டும் கனக்கிறது

அடுக்குக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடைப் பாதி திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அடிக்கும் லைனருக்கும் நடுவே பாருங்கள். ஆணியை மையமாக வைத்து வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால், கல்லோ மணலோ உள்ளே இருக்கிறது. நான் கை வைக்கத் தொடங்கிய புதிதில், ஒரு பாட்டில் திறப்பான் கனத்தது என்பதற்காக மூன்று ஆணியையும் துளைத்து, பத்து அடுக்கையும் மேஜையில் பரப்பினேன். லைனரில் பிறைபோல ஒரு கீறல். அதன் நுனியில் கடுகில் கால்வாசி அளவில் ஒரு மணல் பரல். தண்ணீரில் இன்னும் ஐந்து நிமிடம் ஆட்டியிருந்தால் அதுவே வெளியே வந்திருக்கும். அன்றைக்குத் தொலைத்த ஒரு வாஷர் இன்னும் கிடைக்கவில்லை.

பரல் வரவில்லையென்றால், மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை இடைவெளியில் விட்டு, அடியைச் சுற்றி வழித்தெடுங்கள். குளிர்பானக் கேனின் சுவர் இதற்குக் கச்சிதம். தடிமன் சுமார் 0.1 மி.மீ.தான். வெட்டும்போது விளிம்பு விரலைக் கிழிக்கும், ஜாக்கிரதை.

அதுவும் பலிக்காவிட்டால் லைனர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கத்தி கீழே விழுந்திருந்தாலோ, யாராவது அதை நெம்புகோலாகப் பயன்படுத்தியிருந்தாலோ இது நடக்கும். ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி சுருங்கியிருந்தால், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகடுகளை மெல்லியதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செருகி அகட்டலாம். ஸ்குரூடிரைவரை நுழைத்துத் திருகாதீர்கள். ஒரு அடுக்கு அகன்றால் பக்கத்து அடுக்கு நெருக்கும்.

### எல்லாக் கருவியும் கனக்கிறது

அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையாக மாவு பூத்திருக்கிறதா? அது அலுமினிய லைனர் அரித்துப் பூத்த உப்பு. கடல் தண்ணீர் பட்டுக் கழுவாமல் வைத்த கத்திகளில் பார்த்திருக்கிறேன். வெந்நீர், பல்துலக்கி, எண்ணெய், பொறுமை; இவ்வளவுதான் மருந்து. வினிகரில் ஊறப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். அமிலம் அலுமினியத்தையும் பித்தளையையும் சேர்த்தே தின்னும். மாவு கெட்டியாகி அடுக்குகளையே பிதுக்கியிருந்தால், பிரித்து லைனரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

### புது ஸ்கேல் மாட்டிய பிறகு கனக்கிறது

ஸ்கேலைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். இலகுவாக இருந்தால் குற்றவாளி ஸ்கேல்தான். ஆணித் தலைக்காக அதன் உட்புறம் குடைந்த குழி ஆழம் போதவில்லை. தலையை அழுத்தி லைனரை உள்ளே தள்ளுகிறது. குழியைக் கால் மி.மீ. ஆழமாக்கினால் தீர்ந்தது.

### நானே ஆணி அடித்த பிறகு கனக்கிறது

கூடுதலாக அடித்துவிட்டீர்கள். எல்லாருக்கும் நடப்பது. எண்ணெய் விட்டு, நூறு முறை திறந்து மூடுங்கள். நூறு என்றால் நூறு. புதிதாக அடித்த பித்தளை கொஞ்சம் இளகி உட்காரும். போதாவிட்டால், பிளேடை முழுக்கத் திறந்து, வாயில் டேப் சுற்றி, அடியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் மெதுவாக ஆட்டுங்கள். முனையைப் பிடித்து ஆட்டினால் பிளேடு வளையும், அடி அசையாது.

அடுத்த முறை இதைத் தவிர்க்க ஒரு வழி: ஆணி அடிக்கும்போது பிளேடின் அடிக்கும் லைனருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டு அடியுங்கள். அச்செடுக்கும் காகிதத்தின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அடித்து முடித்து உருவினால் பிளேடுக்குச் சுழல வேண்டிய இடம் மிஞ்சும். காகிதம் கிழியாமல் உருவ வரவில்லையென்றால், கூடுதலாக அடித்துவிட்டீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

## பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடுகிறது

மிகக் குறைந்த ஆட்டம் எல்லாப் பழைய கத்தியிலும் இருக்கும். பிளேடின் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டும்போது சத்தம் கேட்டால் மட்டும் கவலைப்படுங்கள்.

எந்த ஆணி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முனையில் உள்ள கருவிகள் எல்லாம் ஆடினால் அந்த முனை ஆணி தளர்ந்திருக்கிறது. தக்கைத் திருகு, துளையூசி போன்ற முதுகுப்பக்கக் கருவிகள் ஆடினால் நடு ஆணி. ஒரே முனையில் ஒரு கருவி மட்டும் ஆடி, பக்கத்தில் உள்ளது கெட்டியாக நின்றால், ஆணியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கருவியின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது.

ஆணி தளர்ந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

ஸ்கேலைக் கழற்றுங்கள். எப்படி என்பது ஸ்கேல் தலைப்பில் இருக்கிறது. ஸ்கேலோடு சேர்த்து வைஸில் (பட்டறை மேஜையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்குமே தவிர, ஆணிக்கு ஒன்றும் போய்ச் சேராது. வைஸின் தாடைகளில் செம்புத் தகடோ பித்தளைத் தகடோ வைத்து, ஆணியின் இரண்டு தலையும் நேர் எதிராக வரும்படி பிடித்து, கைப்பிடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். வெளியே எடுத்து ஆட்டிப் பாருங்கள். திரும்பக் கால் சுற்று. இதில் அவசரப்பட்டவர்கள்தான் மேலே "நானே ஆணி அடித்த பிறகு" என்ற தலைப்புக்குப் போய்ச் சேர்கிறவர்கள்.

வைஸ் போதாவிட்டால் சுத்தியல். ஒரு தலையைக் கனமான இரும்புக் கட்டையில் ஊன்றி, மறு தலையை உருண்டை முனைச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால், பலமில்லாமல், விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் ஆணி நடுவில் உப்பி, அடுக்குக்குள் சிக்கிவிடும். எட்டுப் பத்துத் தட்டுக்கு ஒருமுறை நிறுத்திப் பிளேடைத் திறந்து பார்க்க வேண்டும். சத்தம் மாறுவதைக் காது கேட்கும்: தளர்வாக இருக்கும்போது "சளக்" என்று வரும், இறுகியதும் கட்டையோடு சேர்ந்து "டிங்" என்று ஒரே சத்தமாகிவிடும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

துளை தேய்ந்திருந்தால் இரண்டே வழி. வேறொரு பழைய கத்தியிலிருந்து அதே கருவியை எடுத்து மாற்றுவது, அல்லது துளையைப் பெரிதாக்கி உள்ளே பித்தளைக் குழாய் பொருத்துவது. இரண்டாவது கடைசல் இயந்திரம் வைத்திருப்பவர் வேலை. கையால் துளைத்தால் துளை சாயும், பிளேடு ஒரு பக்கமாக உரசும்.

அலுமினிய ஓடுள்ள அலாக்ஸ் வகையில் ஆணி ஸ்கேலையே துளைத்து வெளியே வந்து முடிகிறது. அங்கே ஸ்கேலைத் தனியாகக் கழற்ற வழியில்லை. வைஸில் பிடித்தால் சாயத்தில் தழும்பு விழும். ஆட்டம் பொறுக்கிற அளவில் இருந்தால் நான் அந்தக் கத்தியைத் தொடுவதில்லை.

## "டக்" என்ற சத்தம் போய்விட்டது

நல்ல கத்தி திறந்து முடியும் இடத்திலும், மூடி முடியும் இடத்திலும் டக்கென்று விழும். அது சோம்பலாகப் போய்ச் சேர்ந்தால்:

அழுக்கு. குளியலைத் திரும்பச் செய்யுங்கள், இந்த முறை ஸ்பிரிங்கின் முனை அடியைத் தொடும் இடத்தில் பல்துலக்கியை வைத்து.

எண்ணெய் கூடிவிட்டது. சிரிக்காதீர்கள். எண்ணெயும் பஞ்சுத்துகளும் சேர்ந்த களிம்பு ஸ்பிரிங்கின் வேகத்தைக் கொன்றுவிடும்.

ஆணி இறுக்கம். பிளேடின் இருபக்கமும் லைனர் நெரித்தால், ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் சத்தம் வராது. இதற்கு "கனக்கிறது" தலைப்பைப் பாருங்கள்.

இந்த மூன்றும் இல்லையென்றால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். பிளேடை மெதுவாகத் திறந்துகொண்டே முதுகைப் பக்கவாட்டில் கவனியுங்கள். பாதி வழியில் ஸ்பிரிங்கின் முனை மேலே எழும்பி, முழுக்கத் திறந்ததும் பழையபடி சமமாக உட்கார வேண்டும். எழும்பவே இல்லையென்றால் அடியோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டது. எழும்புகிறது, ஆனால் விரலால் நெம்பினால் எதிர்ப்பில்லாமல் இன்னும் மேலே போகிறது என்றால், ஸ்பிரிங் களைத்துவிட்டது அல்லது வெடித்துவிட்டது. விக்டோரினாக்ஸ் சொல்லும் கணக்கில் பிளேடின் கடினம் 56 ராக்வெல், ஸ்பிரிங்கினுடையது 49. அதனால் தேய்வை முதலில் ஸ்பிரிங் பக்கம் தேடுங்கள்.

களைத்த ஸ்பிரிங்கை வளைத்து நிமிர்த்தி உயிர் கொடுக்க நான் மூன்று முறை முயன்றிருக்கிறேன். ஒன்று உடைந்தது, இரண்டு ஒரு மாதத்தில் பழையபடி ஆயின. ஸ்பிரிங்கை மாற்றுங்கள், வளைக்காதீர்கள்.

## மடக்கினால் முனை வெளியே துருத்துகிறது, அல்லது வாயில் பள்ளம் விழுகிறது

இந்த இரண்டும் எதிரெதிர்க் கோளாறுகள், ஆனால் பிறப்பிடம் ஒன்றுதான்: வாய் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடியின் கீழ்ப்பக்கம் இருக்கும் சின்ன முட்டு. மடக்கும்போது அந்த முட்டுதான் போய் ஸ்பிரிங்கில் உட்கார்ந்து, வாயை ஸ்பிரிங்கில் படாமல் தூக்கிப் பிடிக்கிறது.

வாயில் எப்போதும் ஒரே இடத்தில் மழுங்கல் அல்லது பள்ளம் விழுந்தால், முட்டு தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் தீட்டும்போது யாரோ அதையும் சேர்த்து அரைத்துவிட்டார்கள். வாயில் மார்க்கர் மை பூசி, மடக்கித் திறங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே இடிக்கிறது. தற்காலிகமாக, மடக்கும்போது டக்கென்று விடாமல் விரலால் தாங்கி மூடலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய, வாயை முழு நீளத்துக்கும் கல்லில் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் தீட்டி எடுங்கள். பள்ளத்தை மட்டும் அரைத்தால் வாய் அலையாகிவிடும்.

முனை துருத்தினால் முட்டில் கொஞ்சம் கழிக்க வேண்டும். இங்கேதான் பலர் கத்தியைக் கொல்கிறார்கள். வைர அரத்தில் இரண்டு இழுப்பு, மடக்கிப் பார், திரும்ப இரண்டு இழுப்பு. இரண்டு இழுப்பில் முனை இறங்குவது கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் முட்டு ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது, முனை தூரத்தில் இருக்கிறது. அடியில் கழித்தது முனையில் பல மடங்காகக் காட்டும். மறுபடி ஒட்டிவைக்க முடியாது. சாணை இயந்திரத்தில் வைத்தீர்கள் என்றால் சூடேறி அந்த இடம் நீலம் பாய்ந்துவிடும். நீலமான எஃகு மென்மையானது, அடுத்த மாதமே தேய்ந்துபோகும்.

முட்டில் கை வைக்கும் முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். புது அடுக்கு சேர்த்த பிறகு துருத்தத் தொடங்கியதா? அப்படியானால் முட்டில் கோளாறில்லை. வேறு மாடலின் ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறீர்கள்.

## கத்தரி வெட்டவில்லை

வெட்டிய பிறகு தானாக விரியவில்லை என்றால், அந்தச் சின்ன நாக்கு ஸ்பிரிங் உடைந்தோ இடம் மாறியோ இருக்கும். தனியாகவே கிடைக்கிற உதிரிபாகம். மாற்ற ஆணியைத் தொட வேண்டியதில்லை. பழையதை வெளியே தள்ளும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பறக்கும்.

காகிதத்தை வெட்டாமல் மடித்து நடுவே இழுத்துக்கொண்டால், இரண்டு அலகும் ஒன்றையொன்று ஒட்டவில்லை. திருகு உள்ள வகையில் எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். ரிவெட் (தலை தட்டி விரித்த ஆணி) உள்ள வகையில் கட்டையில் ஊன்றி இரண்டே தட்டு. சரி, இறுக்கியும் வெட்டவில்லையா? அப்போதுதான் தீட்டுவது. வெளிச்சரிவை மட்டும் தீட்டுங்கள். ஒன்றையொன்று உரசும் தட்டையான உட்பக்கத்தைக் கல்லில் வைத்தால் கத்தரி முடிந்தது, வேறு வாங்க வேண்டியதுதான்.

## ஸ்கேல்

### கழன்று விழுகிறது

விக்டோரினாக்ஸின் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒட்டப்பட்டதில்லை. அதன் உட்புறக் குழிகள் ஆணித் தலைகளைக் கவ்விப் பிடிக்கின்றன. குழி அகன்றுவிட்டால் கழலும். முதலில் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கைகளால் அழுத்தி மாட்டிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் மெல்லிய இருபக்க டேப். அதுவும் போதாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் குண்டூசித் தலை அளவு எபாக்ஸி. சூப்பர் குளூ வேண்டாம். லைனர் வழியாக ஊறி உள்ளே போய் ஒரு பிளேடையே ஒட்டிவைத்துவிடும். எந்தப் பசை போட்டாலும், முள்வாங்கியும் பல்குத்தியும் செருகும் பள்ளத்தில் வழிகிறதா என்று பார்த்து உடனே துடையுங்கள்.

### கழற்ற வரவில்லை

கை பொறுக்கும் சூட்டுக்கு மேலே, கொதிநிலைக்கு ரொம்பக் கீழே உள்ள தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் இளகும். ஒரு முனையில், ஸ்கேலுக்கும் லைனருக்கும் நடுவே மெல்லிய தட்டையான ஒன்றைச் செருகித் திருப்புங்கள். "பட்" என்று ஒரு தலை விடும். அடுத்த தலைக்கு நகருங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் முள்வாங்கிப் பள்ளத்தை ஒட்டி விரிசல் விடும், அங்கேதான் பிளாஸ்டிக் மெலிதாக இருக்கிறது. அசிட்டோன் தொட்டுத் துடைக்காதீர்கள். செல்லிடார் என்ற அந்தப் பிளாஸ்டிக் அசிட்டோனில் கரையும்.

### நான் செய்த ஸ்கேல் பொருந்தவில்லை

குழிகளின் இடம் தப்பியிருக்கும். அளந்து குறிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆணித் தலைகளில் மை தடவி, ஸ்கேல் கட்டையை நேராக அழுத்தி எடுத்தால் மூன்று வட்டம் பதியும். அந்த வட்டத்தின் நடுவில் துளையுங்கள். சாதாரண டிரில் பிட்டின் கூம்பு முனை மறுபக்கம் பொத்துக்கொண்டு வரும். முனையைத் தட்டையாக அரைத்த பிட் வேண்டும்.

மரம் என்றால் இன்னொன்று இருக்கிறது. மாட்டும்போது கச்சிதமாக இருந்தது, சில வாரத்தில் ஓரம் தூக்கிவிட்டது என்றால், மரம் ஈரம் குடித்திருக்கிறது அல்லது காய்ந்து சுருங்கியிருக்கிறது. கட்டையை அறுத்த பிறகு சில வாரம் சும்மா போட்டுவைத்து, அப்புறம் இறுதித் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். உட்பக்கத்துக்கும் எண்ணெயோ மெழுகோ பூச வேண்டும். வெளியே மட்டும் பூசினால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து மரம் வளையும். பசை போடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசுங்கள். ஜி10, மைகார்ட்டா போன்றவற்றை (கண்ணாடியிழையையோ துணியையோ பிசினில் தோய்த்து இறுக்கிய பலகைகள்) உப்புத்தாளில் தேய்க்கும்போது ஈரமாக்கித் தேயுங்கள், முகமூடியும் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

## பிரித்துக் கட்டினேன், ஏதோ சரியில்லை

### ஒரு அடுக்கு மட்டும் மூட வரவில்லை

ஒரே அடுக்கில் எதிரெதிர் முனையில் இருக்கும் இரண்டு கருவிகள் நடுவில் இடித்துக்கொள்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றை மூடினால்தான் மற்றது மூடாது என்றால் அதுதான் கோளாறு, ஜோடி தப்பு.

அப்புறம் கத்திகளின் வம்சம். வெங்கரின் 85 மி.மீ. கத்தியும் விக்டோரினாக்ஸின் 84 மி.மீ. கத்தியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 2005-இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டதால் பாகமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றின் கருவி மற்றதில் உட்காராது.

லைனர் துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தாலும் இதே தொல்லைதான். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். பெரிய டிரில் பிட்டை விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும்.

இதையெல்லாம் ஆணி அடித்த பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். அதனால் நிஜ ஆணிக்கு முன், துளையில் வழுக்கிப் போகிற அளவில் இரும்புக் கம்பிகளைச் செருகி, இருபுறமும் கிளாம்ப் போட்டு, ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடிப் பாருங்கள். ஆணியின் விட்டத்தை உங்கள் கத்தியிலிருந்து வெளியே வந்த ஆணியிலேயே வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள்; மாடலுக்கு மாடல், ஒரே கத்தியில் ஆணிக்கு ஆணி மாறலாம்.

### ஆணித் தலை பிளந்துவிடுகிறது

நீளம் அதிகமாக விட்டிருக்கிறீர்கள், அல்லது பித்தளை கெட்டியாக இருக்கிறது. தலைக்காக வெளியே விடும் நீளம் விட்டத்தில் பாதி போதும்; நான் ஏறக்குறைய 1 மி.மீ. விடுகிறேன். பித்தளை அடி வாங்க வாங்க இறுகும், இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும். கம்பியை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் இளகிவிடும். மாட்டும் முன் செய்ய வேண்டியது இது, கத்தியில் மாட்டிய பிறகு தீ காட்டாதீர்கள்.

பிளந்த தலையை அப்படியே விடாதீர்கள். அரத்தால் தலையைச் சமமாக்கி, பஞ்ச் வைத்து ஆணியை வெளியே தட்டி, புதிதாகப் போடுங்கள். பழைய ஆணியை எடுக்கும்போது டிரில் நழுவி லைனரின் துளை பெரிதாகிவிட்டால், அந்த லைனரோடு சமாதானம் பேச வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

## இடுக்கி வகை: திருகு அசையவில்லை

லெதர்மேன் போன்றவற்றில் ரிவெட்டுக்குப் பதில் பெரும்பாலும் டார்க்ஸ் திருகு, அதாவது தலையில் நட்சத்திரக் குழி உள்ளது. சில மாடல்களில் நடுவில் முளை இருக்கும், அதற்கு நடுவில் குழியுள்ள பிட் வேண்டும். சாதாரணப் பிட்டை அடித்து நுழைத்தால் தலை பூப்போல விரியும்.

அசையாததற்குக் காரணம் அநேகமாகத் திருகுப் பசை. சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், பசை இளகும். உடனே பிட்டை நேராக ஊன்றி, உடல் எடையை அதன் மேல் போட்டுக்கொண்டு திருப்புங்கள். திருப்பும் விசையைவிட அழுத்தும் விசை அதிகமாக இருக்க வேண்டும். மறுபக்கத் தலையும் சேர்ந்து சுழன்றால் அதையும் இன்னொரு பிட்டால் பிடியுங்கள்.

தலை வழுக்கிவிட்டதா? அதே பிட்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். மெல்லிய வட்டக் கல்லால் தலையில் ஒரு கோடு வெட்டி, தட்டை ஸ்குரூடிரைவரால் ஒருமுறை மட்டும் முயலுங்கள். அதுவும் வழுக்கினால் திருகு எடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுத்துவிடுவது மலிவு.

## துரு

எவர்சில்வர் வகை எஃகும் துருப்பிடிக்கும், மெதுவாக. மேலோட்டமான பழுப்புப் புள்ளி மெட்டல் பாலிஷில் போய்விடும். நகம் சிக்குகிற கறுப்புக் குழி போகாது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பிளேடை மெலிதாக்க வேண்டாம், எண்ணெய் பூசிவிட்டுப் பயன்படுத்துங்கள். துரு ஸ்பிரிங்கில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்; குழி விழுந்த இடத்தில்தான் ஸ்பிரிங் உடையும்.

## பூட்டு நழுவுகிறது

விக்டோரினாக்ஸின் 111 மி.மீ. கத்திகள் பலவற்றிலும் பல இடுக்கி வகைகளிலும், திறந்த பிளேடை ஒரு தகடு பக்கவாட்டில் வந்து பூட்டும். திறந்த பிளேடின் வாயில் தடித்த டேப் சுற்றி, முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். விரல்கள் மடங்கும் வழியில் இருக்கக் கூடாது. ஓங்கித் தட்டவும் வேண்டாம்.

நழுவினால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. பூட்டுத் தகடும் பிளேடின் அடியும் சந்திக்கும் முகத்தை, தீக்குச்சி முனையில் துணி சுற்றி எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள். அப்போதும் நழுவினால் அரம், வைஸ், இடுக்கி எதையும் எடுக்காதீர்கள். தகட்டை வளைத்துச் சரிசெய்தேன் என்று சொல்கிற கத்தியை நான் கையில் வாங்குவதில்லை. வளைத்தது இன்று பூட்டும், எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளேடில் டேப்பைச் சுற்றி, மடக்கி, மேலே "பூட்டாது" என்று எழுதி ஒட்டித் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.